கான்ட்ராக்டை முறிக்கும் உரிமைக்கு 'எக்ஸ்பைரி டேட்' உண்டா? விருதுநகர் ஏற்றுமதியாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி

சாத்தூர் பக்கத்தில் இருக்கும் இருக்கன்குடியில் காலண்டர் ஒரே ஒரு நாளைச் சுற்றித்தான் ஓடும். ஆடி கடைசி வெள்ளி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு அன்று லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தை நம்பி வளையல், பொம்மை, சேவு, பூந்தி என்று கடை போடுபவர்கள் முன்கூட்டியே இடம் பேசுவார்கள். பேச்சில் ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்திருக்கும்: "வேண்டாம்னா முன்னாடியே சொல்லிடணும்." கடைசி வெள்ளி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, "இடத்தை ரத்து பண்றேன், அட்வான்ஸைக் கொடுங்க" என்று ஒருவர் வந்து நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ரத்து செய்யும் உரிமைக்கு ஒரு கடைசித் தேதி வேண்டும் என்பது திருவிழாக் கடைக்காரருக்குத் தெரிகிறது. ஆனால், கோடிக்கணக்கில் டாலர் புரளும் வங்கி ஒப்பந்தங்களில் பல நேரங்களில் இந்தக் கடைசித் தேதி இருப்பதில்லை. ராஜபாளையம் நூற்பாலை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஏற்றுமதியாளர், ஜெர்மனியிலிருந்து மெஷின் வாங்கும் சிவகாசி அச்சகம் என டாலர், யூரோவில் கணக்கு வைத்திருக்கும் யாரும் கையெழுத்து போடக்கூடிய ஒப்பந்தம்தான் இது. அதில் என்ன சிக்கல்? லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அமெரிக்க நீதிமன்றமும் இங்கிலாந்து நீதிமன்றமும் ஏன் வேறு வேறு பதில் சொன்னன? கையெழுத்துக்கு முன் எதைக் கேட்க வேண்டும்? பார்க்கலாம்.

முதலில், இது என்ன ஒப்பந்தம்?

சத்திரப்பட்டியில் ஒருவர் அமெரிக்காவுக்கு பேண்டேஜ் துணி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை உதாரணம்தான். மாதம் 1 லட்சம் டாலர் வரும். நூல் விலை, கூலி, கரன்ட் பில் எல்லாம் ரூபாயில். டாலர் மதிப்பு இறங்கினால் அவருக்கு நஷ்டம். அதனால் வங்கியிடம், "அடுத்த 12 மாதமும் மாதம் 1 லட்சம் டாலரை 84 ரூபாய்க்கு உங்களிடம் விற்கிறேன்" என்று இப்போதே விலை பேசி வைக்கிறார். இதுதான் ஃபார்வர்டு. இதோடு ஆப்ஷன், ஸ்வாப் போன்றவையும் சேர்ந்த குடும்பத்துக்குப் பெயர் டெரிவேட்டிவ்.

சாதாரண ஃபார்வர்டுக்கு வங்கி தன் சொந்தப் படிவத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆப்ஷன், ஸ்வாப் என்று போனால் பெரும்பாலும் 'இஸ்டா மாஸ்டர் அக்ரிமென்ட்' வரும். டெரிவேட்டிவ் வியாபாரத்தில் இருக்கும் வங்கிகளும் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் சர்வதேச சங்கம்தான் இஸ்டா. அது அச்சடித்துக் கொடுக்கும் பொது ஒப்பந்தத்தில் 1992 பதிப்பும் 2002 பதிப்பும் பரவலாகப் பயன்படுகின்றன. பொது ஒப்பந்தத்தின் வரிகளை யாரும் மாற்றுவதில்லை. அதோடு இணைக்கும் 'ஷெட்யூல்' என்ற பகுதியில்தான் இரு தரப்பும் பேசி மாற்றங்களை எழுதுவார்கள். பேரம் முழுக்க அந்த ஷெட்யூலில்தான்.

முறிக்கும் உரிமை எப்போது வரும்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு தரப்பு தவறு செய்வது: பணம் கட்டாமல் விடுவது, திவாலாவது, வேறு கடனில் தவறுவது, பொய்யான தகவல் கொடுப்பது. இதற்கு 'ஈவென்ட் ஆஃப் டிஃபால்ட்' என்று பெயர்.

இரண்டு, யாரும் தவறு செய்யாவிட்டாலும் சூழ்நிலை மாறுவது. சட்டம் மாறலாம், வரி மாறலாம். இதற்கு மேல் இரு தரப்பும் தாங்களே சில நிகழ்வுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் கடன் தரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், புரமோட்டரின் பங்கு குறைந்தால், முதலீட்டு நிதியாக இருந்தால் அதன் சொத்து மதிப்பு ஒரே மாதத்தில் இவ்வளவு சதவீதம் சரிந்தால் என்று பட்டியல் போடுவார்கள். 'கூடுதல் முறிப்பு நிகழ்வு' என்று இதைச் சொல்லலாம்.

தவறு செய்தவருக்கு ஒப்பந்தம் கொஞ்சம் அவகாசம் தருகிறது. பணம் கட்டத் தவறினால், நோட்டீஸ் வந்த பிறகு 1992 பதிப்பில் 3 வேலை நாள் அவகாசம். 2002 பதிப்பில் அது 1 வேலை நாளாகச் சுருங்கிவிட்டது. அதாவது தவறு செய்பவருக்கான கடிகாரம் மிகத் துல்லியமாக ஓடுகிறது.

உரிமை கையில் இருப்பவருக்கான கடிகாரம்? அங்கேதான் விஷயமே.

'20 நாள்' என்று இருக்கிறதே?

ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. முறிப்பு நோட்டீஸ் பற்றிய பிரிவில் 20 நாள் என்று ஒரு எண் இருக்கும். "ஆக, தவறு நடந்து 20 நாளுக்குள் முறிக்கணும் போல" என்று தோன்றும். அப்படி இல்லை. நோட்டீஸ் அனுப்பினால், முறியும் தேதி அந்த நோட்டீஸிலிருந்து 20 நாளைத் தாண்டி இருக்கக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். நோட்டீஸை எப்போது அனுப்ப வேண்டும் என்று அந்த வரி சொல்வதில்லை.

இருக்கும் ஒரே கட்டுப்பாடு, நோட்டீஸ் அனுப்பும்போது அந்தத் தவறு 'தொடர்ந்துகொண்டு' இருக்க வேண்டும் என்பது. கட்டாத பணத்தைக் கட்டிவிட்டால் தவறு முடிந்துவிட்டது, உரிமையும் போய்விட்டது. இது நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் சில நிகழ்வுகளைச் சரிசெய்யவே முடியாது. 'மார்ச் மாதத்தில் சொத்து மதிப்பு 20% சரிந்தது' என்பது நடந்து முடிந்த உண்மை. ஜூனில் எவ்வளவு ஏறினாலும் மார்ச் மாதச் சரிவு இல்லையென்று ஆகாது. அப்படியானால் அந்த உரிமை ஜூனிலும் உயிரோடு இருக்கிறதா? அடுத்த வருஷமும்?

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் உண்டு: உரிமையைப் பயன்படுத்தத் தாமதித்தால், அதை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வங்கி சும்மா இருந்தது, அதனால் மன்னித்துவிட்டது என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்ள முடியாது.

காத்திருந்தால் யாருக்கு லாபம்?

சத்திரப்பட்டி உதாரணத்துக்கே வருவோம். 4 மாதம் முடிந்துவிட்டது. இன்னும் 8 லட்சம் டாலர் பாக்கி. நிறுவனத்தின் கடன் தரம் ஏப்ரலில் ஒரு படி இறங்கியது. ஷெட்யூல்படி வங்கிக்கு முறிக்கும் உரிமை வந்துவிட்டது. வங்கி எதுவும் சொல்லவில்லை. தொழில் வழக்கம்போல நடக்கிறது.

ஆகஸ்டில் டாலர் 88 ரூபாய் ஆகிறது. கணக்கு எளிமைக்காக ஃபார்வர்டு பிரீமியத்தை விட்டுவிடலாம். 84 ரூபாய்க்கு விற்பதாக ஒப்புக்கொண்ட 8 லட்சம் டாலர் மீது ஏற்றுமதியாளருக்கு டாலருக்கு 4 ரூபாய் வீதம் 32 லட்சம் ரூபாய் காகித நஷ்டம். ஒப்பந்தம் ஓடினால் இது பெரிய பிரச்சினை இல்லை. அவருக்கு வர வேண்டிய டாலர் மாதாமாதம் வரும், அதை 84-க்குக் கொடுப்பார், அவர் திட்டமிட்ட லாபம் அப்படியே நிற்கும். ஆனால் வங்கி இன்று முறித்தால், 32 லட்சத்தை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். அதை ஈடுகட்டும் டாலர் வரவோ இன்னும் 8 மாதம் பரவிக் கிடக்கிறது. தீபாவளி போனஸ் நேரத்தில் 32 லட்சம் ரொக்கத்துக்கு எங்கே போவார்?

டாலர் 81 ரூபாயாக இறங்கியிருந்தால்? இப்போது 24 லட்சம் ரூபாய் ஏற்றுமதியாளர் பக்கம் லாபம். வங்கி முறித்தால் அந்தப் பணத்தை வங்கிதான் கொடுக்க வேண்டும். எனவே முறிக்காது.

ஆக, கடைசித் தேதி இல்லாத முறிப்பு உரிமை என்பது சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி. வங்கி நிஜமாக முறிக்கக்கூட வேண்டாம். "முறிக்கலாம்" என்ற நிலை இருந்தாலே போதும். கூடுதல் அடமானம் கேட்கலாம், கட்டணத்தை ஏற்றலாம், அடுத்த டீலுக்கு விலையைக் கூட்டலாம்.

பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வட மாநில மொத்த வியாபாரி ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டு, "எங்க ஊர்ல தடை வருமா வராதான்னு பார்த்துட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் எப்ப வேணா ரத்து பண்ணுவேன்" என்றால் சிவகாசியில் ஒப்புக்கொள்வார்களா? பேரியம் நைட்ரேட் கலந்த பட்டாசுக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அப்படி ஒரு தீர்ப்பு சீசனின் உச்சத்தில் வந்தால் சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அடி. ரத்து உரிமைக்குக் கெடு இல்லையென்றால், காத்திருக்கும் செலவு முழுவதும் தயாரித்து வைத்தவர் தலையில் விழும்.

2008-ல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

டெரிவேட்டிவ் ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகள் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களை முதலில் பெரிதாகக் கடித்தது 2007-08-ல். அப்போது டாலர் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. ஏற்றுமதியாளர்கள் பயந்துபோயிருந்த நேரம். வங்கிகள் சிக்கலான ஆப்ஷன் திட்டங்களை விற்றன. பல ஒப்பந்தங்கள் டாலர் - ரூபாய் பற்றியதுகூட இல்லை. டாலர் - சுவிஸ் ஃபிராங்க், டாலர் - யென் விலையோடு கட்டப்பட்டவை. 2007 நடுவில் 1 டாலருக்கு 1.20 ஃபிராங்குக்கு மேல் கிடைத்தது. 2008 மார்ச்சில் டாலர் முதன்முறையாக 1 ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. திருப்பூர், கோவை, கரூர் பக்கம் பல நிறுவனங்கள் பெரிய தொகையைக் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தன.

கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராக சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007-ல் போட்ட டாலர் - ஃபிராங்க் ஒப்பந்தம் பந்தயம் போன்றது, அது செல்லாது என்பது நிறுவனத்தின் வாதம். நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2008 அக்டோபர் 14 அன்று அளித்த விரிவான உத்தரவில் இந்த வாதத்தை ஏற்கவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர் இவர். 2006-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 45-வி பிரிவு, ஒரு தரப்பில் வங்கி போன்ற முறைப்படுத்தப்பட்ட நிறுவனம் இருந்தால் டெரிவேட்டிவ் ஒப்பந்தம் செல்லும் என்கிறது.

வங்கிகளும் முழுவதும் தப்பவில்லை. டெரிவேட்டிவ் விற்பனை பற்றிய விதிகளை மீறியதாக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. ஆனால் ஒவ்வொரு வங்கிக்கும் அது 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரைதான்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. "இது நியாயமில்லாத ஒப்பந்தம்" என்று பின்னால் போய் முறையிடுவது கஷ்டம். எழுதியிருப்பதுதான் நிற்கும். எனவே எழுதும்போதே பேச வேண்டும்.

லேமன் பிரதர்ஸ்: ஒரே ஒப்பந்தம், இரண்டு பதில்கள்

எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்ற கேள்வி உலக அளவில் வெடித்தது லேமன் பிரதர்ஸ் திவாலானபோது. 2008 செப்டம்பர் 15.

அமெரிக்காவின் மெட்டாவான்டே என்ற பேமென்ட் நிறுவனம் லேமன் குழுமத்தின் ஒரு கிளை நிறுவனத்தோடு வட்டி விகித ஸ்வாப் போட்டிருந்தது. 2007 நவம்பரில் போட்டது, அடிப்படைத் தொகை 60 கோடி டாலர். நிலையான வட்டியை மெட்டாவான்டே கட்டும், மாறும் வட்டியை லேமன் கட்டும். நெருக்கடியில் வட்டி விழுந்ததால் ஒப்பந்தம் மெட்டாவான்டேவுக்கு நஷ்டமாகிவிட்டது.

லேமன் திவால் ஆனதால் முறிக்கும் உரிமை மெட்டாவான்டேவுக்கு வந்தது. முறித்தால் லேமனுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டும். முறிக்காமல் ஓட்டினால் தவணை கட்ட வேண்டும். அது மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தது. முறிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. இஸ்டா ஒப்பந்தத்தின் 2(ஏ)(iii) பிரிவில், எதிர்த்தரப்பு தவறில் இருக்கும்வரை நான் பணம் கட்ட வேண்டியதில்லை என்று பொருள் தரும் வரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வட்டி திரும்ப ஏறினால் நல்லதுதானே!

நியூயார்க் திவால் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் பெக் 2009 செப்டம்பர் 15 அன்று, சரியாக ஒரு வருஷம் கழித்து, இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். திவால் நேரத்தில் ஒப்பந்தத்தை முறிக்கச் சட்டம் தரும் சலுகையை உடனடியாகப் பயன்படுத்த வேண்டும். சந்தை திரும்புமா என்று பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகத்தான் அர்த்தம். எனவே பாக்கித் தவணையைக் கட்டு என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்தில் இதே பிரிவு வேறு வழக்குகளில் வந்தது. ஃபர்த் ரிக்ஸன் உள்ளிட்ட நிறுவனங்கள் லேமனின் லண்டன் பிரிவோடு போட்ட ஒப்பந்தங்கள். 2012 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான் என்றது. தவறு தொடரும்வரை பணம் கட்டும் கடமை தள்ளி நிற்கும். அதற்குக் கால வரம்பு இல்லை. நியாயமான காலம் முடிந்தால் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தானாக ஒரு வரியைச் சேர்க்காது.

ஆக, நியூயார்க்கில் ஒரு வருஷம் அதிகம். லண்டனில் எத்தனை வருஷமானாலும் சரி. ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் என்று எழுதியிருக்கிறது, யார் எங்கே திவாலானார் என்பதைப் பொறுத்து தலைவிதியே மாறுகிறது. இந்தக் குழப்பத்துக்குப் பிறகு, 2014-ல் இஸ்டா ஒரு திருத்தப் படிவத்தை வெளியிட்டது. விரும்புகிறவர்கள் அதைச் சேர்த்துக்கொண்டால், பணம் கட்டாமல் தள்ளிப்போடும் நிலைக்கு ஒரு முடிவுத் தேதி வந்துவிடும். சேர்க்காவிட்டால் பழைய நிலைதான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பழையதாக இருந்தாலும் இந்த விஷயத்தில் கவனமாக இருக்கிறது. 39-வது பிரிவின்படி, ஒருவர் ஒப்பந்தத்தை முழுமையாக நிறைவேற்ற மறுத்தால் மற்றவர் முறிக்கலாம். ஆனால், ஒப்பந்தம் தொடரட்டும் என்று சொல்லாலோ நடத்தையாலோ காட்டியிருந்தால் முறிக்க முடியாது. 63-வது பிரிவு, தனக்கு வர வேண்டியதை ஒருவர் விட்டுக்கொடுக்கலாம் என்கிறது.

இதைக் கேட்டால், "வங்கி 8 மாதம் சும்மா இருந்ததே நடத்தைதானே" என்று வாதிடத் தோன்றும். வாதிடலாம். எதிரே வங்கி, 'தாமதம் விட்டுக்கொடுத்தல் ஆகாது' என்று நீங்களே கையெழுத்து போட்ட வரியைக் காட்டும். இந்த வாதத்தை நீதிமன்றத்தில் முடிப்பதற்குள் தொழில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் கெடு எழுதிக்கொண்டால் முடிந்தது என்று நினைக்கலாம். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. 28-வது பிரிவு. 1997-ல் இது திருத்தப்பட்டது. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் ஒரு தரப்பின் உரிமையே அழிந்துவிடும், அதனால் அவர் வழக்குப் போட முடியாது என்று எழுதினால் அந்த வரி செல்லாது என்கிறது திருத்தம். 'இத்தனை மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உங்கள் உரிமை போச்சு' என்பது மாதிரியான ஷரத்துகளுக்குத் தடை போடும் ஏற்பாடு இது.

முறிப்பு உரிமைக்குக் கெடு வைப்பது இதிலிருந்து வேறுபட்டது. வர வேண்டிய பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்கும் உரிமையை அது தொடுவதில்லை. ஒப்பந்தத்தைத் தொடர்வதா, முறிப்பதா என்ற தேர்வுக்குத்தான் கெடு. ஆனால் வார்த்தை முக்கியம். "60 நாளுக்குப் பிறகு வங்கியின் உரிமைகள் அனைத்தும் ஒழியும்" என்று மொட்டையாக எழுதினால் 28-வது பிரிவைக் காட்டி சண்டை போட இடம் கொடுத்ததாகிவிடும். "60 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பாவிட்டால், அந்தக் குறிப்பிட்ட நிகழ்வு முறிப்புக்கான காரணமாக இனி தொடரவில்லை என்று கருதப்படும்" என்று எழுதுவது பாதுகாப்பானது. இந்தியச் சட்டத்தின் கீழ் போடும் ஒப்பந்தங்களில் இந்த வித்தியாசத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் இருதரப்பு நெட்டிங் சட்டம், ஒப்பந்தம் முறிந்தால் எல்லா டீல்களையும் கூட்டிக் கழித்து ஒரே தொகையாகத் தீர்க்கும் முறைக்கு சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஒரு தரப்பு திவால் நடவடிக்கையில் இருந்தாலும் இது பொருந்தும். வங்கிக்கு இது பெரிய நிம்மதி. அதே சமயம், முறிப்பு நோட்டீஸ் முன்பைவிடக் கூர்மையான ஆயுதமாகிவிட்டது. அது எப்போது வரும் என்பதும் அந்த அளவுக்கு முக்கியமாகிவிட்டது.

பேரம் எப்படி நடக்கும்?

கெடு வைக்கும் இந்த ஷரத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷ் ஆர் கட் பெயிட்' என்று செல்லப்பெயர். மீன் பிடிப்பதானால் பிடி, இல்லையென்றால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்பது பொருள். முதலீட்டு நிதிகள் வங்கிகளிடம் இதைக் கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. சாதாரண ஏற்றுமதியாளர்கள் கேட்பது குறைவு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான் காரணம்.

கேட்டால் வங்கி உடனே தலையாட்டாது. அதன் கவலைகளிலும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களில் ஒருவரின் தரம் குறைந்தது வங்கியின் சரியான டெஸ்க்குக்குப் போய்ச் சேரவே நாளாகும். அதற்குள் கெடு முடிந்தால், தூங்கியதற்காக உரிமையை இழந்ததாகிவிடும். இன்னொன்று, குறுகிய கெடு வாடிக்கையாளருக்கே எதிராகத் திரும்பலாம். "30 நாள்தான் இருக்கு, அப்புறம் உரிமை போயிடும்" என்றால், யோசிக்காமல் முறித்துவிடலாம் என்று வங்கியின் ரிஸ்க் பிரிவு முடிவு செய்யக்கூடும். நிதானமாகப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அவசரத்தில் உடையும்.

அதனால் நடுவழியாக இப்படிப் பேசலாம்:

1. எந்த நிகழ்வுக்குக் கெடு? பணம் கட்டாதது, திவால் ஆகியவற்றுக்கும் கெடு கேட்டால் வங்கி ஒப்புக்கொள்வது கடினம். கடன் தரக் குறைவு, புரமோட்டர் பங்கு, சொத்து மதிப்புச் சரிவு போன்ற கூடுதல் நிகழ்வுகளுக்கு மட்டும் கேட்பதே நடைமுறை.

2. கடிகாரம் எப்போது ஆரம்பிக்கும்? நிகழ்வு நடந்த நாளிலிருந்து என்றால் வங்கி மறுக்கும். வாடிக்கையாளர் எழுத்து மூலம் தெரிவித்த நாளிலிருந்து என்றால் இருவருக்கும் சரி. கெட்ட செய்தியைச் சொல்ல வாடிக்கையாளருக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. சொன்னால்தான் கடிகாரம் ஓடும்.

3. எத்தனை நாள்? 30, 60, 90 என்று பேரம் நடக்கும். 15 நாள் வேண்டும் என்று அடம்பிடித்தால் மேலே சொன்ன அவசர முறிப்பு ஆபத்து.

4. கெடு முடிந்தால் என்ன? அந்த ஒரு நிகழ்வுக்கான முறிப்பு உரிமை மட்டும் போகும். அடுத்த மாதம் தரம் இன்னொரு படி இறங்கினால் அது புது நிகழ்வு, புதுக் கெடு. இப்படி எழுதினால் வங்கியின் பயம் பாதி குறையும்.

5. பேச்சுவார்த்தை நடந்தால்? இரு தரப்பும் கையெழுத்திட்டு கெடுவை நீட்டிக்க வழி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் "பார்த்துக்கலாம் சார்" என்று ரிலேஷன்ஷிப் மேனேஜர் சொல்வது நீட்டிப்பும் ஆகாது, விட்டுக்கொடுத்தலும் ஆகாது.

6. உரிமை இரு பக்கமும். வாடிக்கையாளருக்கு வங்கியை முறிக்கும் உரிமை வந்தால் அதற்கும் இதே கெடு என்று ஒப்புக்கொண்டால் பேச்சு சுலபமாகும்.

கெடு பற்றிய பேச்சு தனியார் பேரத்தோடு நிற்கவில்லை. லேமனுக்குப் பிறகு பெரிய நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதன் இன்னொரு முனையைப் பிடித்தன. ஒரு பெரிய வங்கி விழும்போது எல்லோரும் ஒரே நிமிஷத்தில் முறித்துக்கொண்டு ஓடினால் மொத்தச் சந்தையும் விழும். அதனால், வங்கியை மீட்கும் நடவடிக்கை தொடங்கியதும் குறுகிய காலத்துக்கு, பொதுவாக இரண்டு நாள் வரை, எதிர்த்தரப்புகள் முறிக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். இதற்காக இஸ்டாவும் 2014, 2015-ல் தனி நெறிமுறைகளை வெளியிட்டது. சீக்கிரமே முறிப்பதும் ஆபத்து, காலவரையில்லாமல் காத்திருப்பதும் ஆபத்து என்பதை உலகம் இரண்டு பக்கத்திலிருந்தும் கற்றுக்கொண்டிருக்கிறது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஷெட்யூலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "ஸ்டாண்டர்டு ஃபார்மட் சார், எல்லாரும் போடுறதுதான்" என்பார்கள். பொது ஒப்பந்தம்தான் ஸ்டாண்டர்டு. ஷெட்யூல் ஒவ்வொருவருக்கும் வேறு.

அதில் கூடுதல் முறிப்பு நிகழ்வு என்ற தலைப்பில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது நடந்தால் சரிசெய்ய முடியுமா என்று எழுதுங்கள். சரிசெய்ய முடியாதவற்றுக்குத்தான் கெடு அவசியம்.

வேறு வங்கியில் வாங்கிய கடனில் தவறினாலும் இந்த ஒப்பந்தம் முறியுமா, எவ்வளவு தொகைக்கு மேல் என்று பாருங்கள். தொகை மிகக் குறைவாக இருந்தால், வேறு வங்கியில் ஒரு தவணை தாமதமானதே இங்கே முறிப்புக்குக் காரணமாகிவிடலாம்.

எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள். இந்தியாவா, இங்கிலாந்தா என்பது வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு மெட்டாவான்டேவும் ஃபர்த் ரிக்ஸனும் சாட்சி.

நிகழ்வு நடந்துவிட்டால் மறைக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். "உரிமைகளை ஒத்திவைத்திருக்கிறோம்" என்று வங்கி ஒரு வரிக் கடிதம் அனுப்பினால், அது மன்னிப்புக் கடிதம் இல்லை. முறிக்கும் உரிமையை வங்கி கையிலேயே வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சிறு நிறுவனத்தால் வங்கியிடம் எல்லாவற்றையும் பேசி வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால், இந்த ஒரு ஷரத்து வங்கிக்குப் பெரிய செலவு வைப்பதில்லை. உரிமையை எடுத்துவிடச் சொல்லவில்லை. பயன்படுத்துவதானால் எப்போதுக்குள் என்று சொல்லத்தான் கேட்கிறது. இருக்கன்குடியில் வளையல் கடை போட இடம் பேசுபவர் கேட்கும் அதே கேள்விதான்: வேண்டும், வேண்டாம் என்பதை எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள்?